பந்து வருவதற்கு முன்பே அங்கே இருப்பது: கெவின் பிலிப்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை

கெவின் பிலிப்ஸ் 1999-2000 பருவத்தில் சண்டர்லேண்ட் அணிக்காக இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் 36 ஆட்டங்கள் ஆடி 30 கோல் அடித்தார். ஐரோப்பிய லீக்குகளில் அந்தப் பருவத்தின் தலைசிறந்த கோலடிப்பாளருக்கான தங்கக் காலணி அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் எந்த இங்கிலாந்து வீரரும் அதை வாங்கியதில்லை. அதன்பின் 2023-24 பருவத்தில் ஹாரி கேன் வாங்கினார், அதுவும் ஜெர்மனியில் பயர்ன் மியூனிக் அணிக்கு ஆடி. இங்கிலாந்து கிளப் ஒன்றுக்கு ஆடிக்கொண்டே அதை வென்ற இங்கிலாந்து வீரர் பிலிப்ஸ் ஒருவர்தான்.

இந்த மனிதரை ஸ்ட்ரைக்கராக, அதாவது கோலடிக்கும் முன்கள வீரராக ஆக்க சவுத்தாம்ப்டன் இளையோர் அணியில் யாரும் நினைக்கவில்லை. உயரம் 5 அடி 7 அங்குலம். அங்கே அவர் வலது பின்கள வீரர். மூத்த வீரர்களின் காலணிகளைத் துடைத்து வைப்பது அந்நாளில் பயிற்சி வீரர்களின் கடமைகளில் ஒன்று. பிலிப்ஸுக்கு வாய்த்தவை அங்கே ஸ்ட்ரைக்கராக இருந்த ஆலன் ஷியரரின் காலணிகள். சில ஆண்டுகளில் சவுத்தாம்ப்டன் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பிறந்த ஊரான ஹிட்சினுக்குப் பக்கத்தில், பால்டாக் டவுன் என்ற அரைத்தொழில்முறை கிளப்பில் போய்ச் சேர்ந்தார். அங்கும் பின்களம்தான். முன்னாள் ஆர்சனல் முன்கள வீரரான இயன் ஆலின்சன்தான் அங்கே மேலாளர். அவர்தான் பிலிப்ஸை முன்னால் ஆட வைத்தார்.

நான் சண்டர்லேண்ட் இருக்கும் வடகிழக்கு இங்கிலாந்தில் வசிக்கிறேன். பிழைப்பு மருத்துவமனை ஆய்வகத்தில். வார நாள் மாலைகளிலும் வார இறுதிக் காலைகளிலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர் அணி ஒன்றுக்குச் சம்பளமில்லாத பயிற்சியாளர். இந்த ஊர்ப்பக்கம் பிலிப்ஸின் பெயர் இன்னும் தினப்பேச்சில் இருக்கிறது. என் அணிச் சிறுவர்கள் அவர் ஆடிப் பார்த்ததில்லை. அவர்களுடைய அப்பாக்கள் பார்த்திருக்கிறார்கள். குளிரில் கோட்டோரம் நிற்கும்போது அந்த அப்பாக்கள் சொல்லக் கேட்டும், பழைய ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தும், பின்னாளில் அவர் சவுத் ஷீல்ட்ஸ் என்ற சிறு கிளப்பின் மேலாளராக இருந்தபோது ஆட்டங்களுக்குப் போயும் நான் சேர்த்துக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கோலடிப்பது பிறவி வரம் என்று நம்புகிற பெற்றோர்களுக்கும், என்னைப் போல வேலைக்கு நடுவே குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் அந்தப் பின்கள வாழ்க்கை. பெரும்பாலானவர்கள் அதை அவர் கதையில் வீணாய்ப்போன காலமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்கள வீரனாக ஆடியவனுக்குத்தான் ஸ்ட்ரைக்கர் எங்கே நின்றால் தன் வயிறு கலங்கும் என்று தெரியும். பந்து பக்கவாட்டிலிருந்து வரும்போது பின்கள வீரன் இரண்டு பொருள்களைப் பார்த்தாக வேண்டும்: பந்து, ஆள். இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கினால் நிம்மதி. ஆள் முதுகுப்பக்கம் போய்விட்டால் தலையைத் திருப்ப வேண்டும். திருப்புகிற நொடியில் பந்து கண்ணிலிருந்து போய்விடும். பிலிப்ஸின் பழைய கோல்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதைப்பதற்கு முன் அவர் நிற்கிற இடம் பெரும்பாலும் பின்கள வீரனின் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். பிறகு இரண்டு எட்டில் முன்னால் வந்துவிடுவார். உதை, கடைசியாகத் தெரிகிற சிறு பகுதி.

இதை நான் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் விதம் இது. பெனால்டி பகுதிக்குள் ஒரு பின்கள வீரன், ஒரு ஸ்ட்ரைக்கர். பக்கவாட்டில் பந்து கொடுப்பவன். விதி ஒன்றுதான்: பந்து கொடுப்பவன் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கிற வரை ஸ்ட்ரைக்கர் ஓடத் தொடங்கக் கூடாது. குனிந்துவிட்டால் அடுத்து உதைதான், வேறெதுவும் நடக்காது. அந்தக் கணத்தில் முதல் இரண்டு எட்டு தவறான திசையில், தூரத்துக் கம்பத்தை நோக்கி. பின்கள வீரன் கூடவே சாய்ந்ததும் திரும்பிப் பக்கத்துக் கம்பத்துக்கு. ஆரம்பத்தில் எல்லாச் சிறுவர்களும் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பந்து புறப்பட்ட பிறகு ஓடுவார்கள். எப்போதும் அரை எட்டு தாமதம். குனிகிற தலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் அந்த அரை எட்டு கிடைத்துவிடுகிறது. எங்கள் அணியில் ஓட்டத்தில் மிக மெதுவான சிறுவன்தான் இதை முதலில் பிடித்துக்கொண்டான். வேகமானவர்களுக்கு இது தேவைப்படவில்லை என்பதால் அவர்கள் கற்கத் தாமதமானது. ஆனால் பதினான்கு வயதில் எல்லோரும் வேகமாக ஓடுவார்கள். அப்போது அந்த மெதுவான சிறுவனிடம் இருப்பது அவர்களிடம் இருக்காது.

இங்கிலாந்தில் பன்னிரண்டு வயதையொட்டி ஒன்பது பேர் ஆட்டம். அதுவரை ஆடிய சிறு ஆட்டங்களில் ஆஃப்சைடு (பந்து புறப்படும் கணத்தில் எதிரணியின் கடைசிப் பின்கள வீரரைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி) கிடையாது. இங்கேதான் குழந்தைகள் அந்த விதியை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். திடீரென்று கொடி உயரும், சில குழந்தைகள் அழுதுவிடுவார்கள். ஓட்டத்தின் நேரத்தைச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான வயது இல்லை. இன்னொன்றும் செய்கிறோம். ஸ்ட்ரைக்கர் ஆக விரும்பும் ஒவ்வொரு சிறுவனும் பயிற்சியின் ஒரு பகுதியில் வலது பின்களத்தில் ஆட வேண்டும். முதலில் முகம் சுளிப்பார்கள். தன்னை ஏமாற்றிவிட்டு ஓடிய ஆள் எங்கிருந்து வந்தான் என்று ஒருமுறை திகைத்துப் பார்த்தவர்கள், அடுத்த வாரம் முன்களத்தில் அதையே செய்து பார்க்கிறார்கள்.

1994 டிசம்பரில் வாட்ஃபோர்ட் கிளப் பிலிப்ஸைப் பத்தாயிரம் பவுண்டுக்கு வாங்கியது. அப்போது அவருக்கு 21 வயது. காலில் கடுமையான காயம், நீண்ட நாள் களத்துக்கு வெளியே. 1997 கோடையில் சண்டர்லேண்ட் மேலாளர் பீட்டர் ரீட் அவரை சண்டர்லேண்டுக்கு அழைத்து வந்தார். ‘ஸ்டேடியம் ஆஃப் லைட்’ திறக்கப்பட்டதும் அந்தக் கோடையில்தான். சுரங்கம் மூடப்பட்ட நிலத்தில் எழுந்த மைதானம் அது. முன்களத்தில் அவருக்குத் துணை அயர்லாந்து வீரர் நியால் க்வின், உயரம் 6 அடி 4 அங்குலம். இந்த ஊரில் ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் பெயர் தானாக வந்துவிடும். நீளமாக வரும் பந்தை க்வின் தலையாலோ மார்பாலோ இறக்கிக் கொடுப்பார். அது எங்கே விழும் என்பது பிலிப்ஸுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். வந்த முதல் பருவத்திலேயே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 35 கோல்.

இந்த இணையைப் பார்த்து நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: முன்கள வீரர்களைத் தனித்தனியாக மதிப்பிடுவதில்லை. யாருடன் யார் ஆடும்போது கோல் வருகிறது என்று குறித்துவைக்கிறேன். எங்கள் அணியில் உயரமான ஒரு பெண் இருக்கிறாள். அவள் கோல் அடிப்பது அரிது. ஆனால் அவள் களத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஆடுகிற சிறுவர்கள் அடிக்கிறார்கள். கோலை மட்டும் எண்ணும் அப்பாக்களுக்கு இது புரிவதில்லை. அவளுடைய அம்மாவிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டினேன். வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அவள் பந்தைக் கால்மாற்றிக் கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். க்வின் செய்ததைக் குழந்தைகளைத் தலையால் செய்யவைக்காதீர்கள். பதினொரு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் தலையால் பந்தை அடிக்கச் சொல்லித்தரக் கூடாது என்பது 2020 முதல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். அதற்கு மேற்பட்ட வயதிலும் மிகக் குறைவாகத்தான் அனுமதி. மூளை பற்றிய கவலையால் வந்த கட்டுப்பாடு இது; என் தொழில் மருத்துவத்துறை என்பதால் சொல்லவில்லை, ஒரு பெற்றோராகவே இதை முழுமனதோடு வரவேற்கிறேன். நாங்கள் அதே பயிற்சியைக் காலால் செய்கிறோம். கோலுக்கு முதுகு காட்டி நிற்பவள் பந்தை ஒரே தொடுதலில் பக்கத்தில் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது ஆள் அது நகரும்போதே உதைக்க வேண்டும். நிறுத்தி உதைத்தால் கணக்கில் சேராது. பிலிப்ஸின் கோல்களில் நான் அதிகம் ரசிப்பது இந்த நிறுத்தாமல் உதைக்கும் பழக்கத்தைத்தான். பந்தை நிறுத்திச் சரிசெய்கிற அவகாசத்தில் கோல்கீப்பர் தன் இடத்துக்கு வந்துவிடுவார்.

1998 மே 25, வெம்ப்ளி. பிரீமியர் லீக்குக்கு உயர்வதற்கான ப்ளே-ஆஃப் இறுதி ஆட்டம். சண்டர்லேண்டும் சார்ல்டனும் 4-4. பிலிப்ஸ் ஒரு கோல் அடித்துவிட்டுக் காயத்தோடு வெளியேறியிருந்தார். பெனால்டிச் சுற்றில் 7-6 என்று சண்டர்லேண்ட் தோற்றது. இங்கே வயதானவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் மாறிவிடும். அடுத்த பருவத்தில் அதே அணி 105 புள்ளிகளோடு உயர்ந்தது. கால்விரல் உடைந்து பல வாரங்களை இழந்தும் பிலிப்ஸ் லீக்கில் மட்டும் 23 கோல் அடித்தார்.

பிறகு அந்த 30 கோல் பருவம். அதில் ஒரு கோலை நான் எல்லாப் புதிய அணிக்கும் போட்டுக் காட்டுகிறேன். 1999 ஆகஸ்ட் 25, நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க், கொட்டும் மழை. நியூகாசில் மேலாளர் ரூட் குல்லிட் அன்று ஷியரரை மாற்று வீரர்களின் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். ஒரு காலத்தில் ஷியரரின் காலணியைத் துடைத்தவர் எதிரணியில் ஆடுகிறார். கியரன் டயர் நியூகாசிலுக்கு முதல் கோல், க்வின் தலையால் சமன். பிறகு பிலிப்ஸுக்கு வாய்ப்பு வருகிறது. அவர் உதைத்ததைக் கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். பந்து வலப்பக்கமாக விலகுகிறது. நீர் தேங்கிய தரை, குறுகலான கோணம், முன்னால் ஆட்கள். பிலிப்ஸ் அதைத் துரத்திப் போய், உயரத் தூக்கி, எல்லோருக்கும் மேலாகத் தூரத்து மூலைக்குள் இறக்குகிறார். 2-1. மூன்று நாளில் குல்லிட் பதவி விலகினார்.

சிறுவர்கள் அந்தத் தூக்கலைத்தான் பார்க்கிறார்கள், உடனே எல்லோரும் பந்தைத் தூக்கி உதைக்கத் தொடங்குவார்கள். நான் பதிவை நிறுத்தி, முதல் உதை தடுக்கப்பட்ட நொடியைக் காட்டுகிறேன். பின்கள வீரர்கள் ஒரு கணம் தளர்கிறார்கள். பிலிப்ஸ் தளரவில்லை; முதல் உதைக்குப் பிறகு தலையில் கைவைக்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பயிற்சியில் இதற்காக ஒரு வழக்கம் இருக்கிறது. கோல்கீப்பர் தடுத்ததும் ஆட்டம் முடிந்ததாகக் கொள்வதில்லை. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை அல்லது கோல்கீப்பர் கையில் அடங்கும் வரை தொடரும். இரண்டாம் உதையில் வரும் கோலுக்கு இரண்டு மதிப்பு. குழந்தைகள் மதிப்பெண்ணுக்கு உயிரைவிடுவார்கள், எனவே சில வாரங்களில் கையைத் தலையில் வைக்கும் பழக்கம் போய்விடுகிறது.

இங்கிலாந்து அணிக்கு அவர் 8 ஆட்டங்கள் ஆடினார், ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முதல் ஆட்டம் 1999 ஏப்ரலில் புடாபெஸ்ட்டில் ஹங்கேரிக்கு எதிராக. பக்கத்தில் முன்களத்தில் ஷியரர். 2000 யூரோ கோப்பைக்கான அணியில் இருந்தார், களமிறக்கப்படவே இல்லை. ஐரோப்பாவின் தங்கக் காலணியை வாங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோடையைக் கழித்தார். இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஷியரர், மைக்கேல் ஓவன் இருவரும் முன்களத்தில் இருந்த காலம், இடம் கிடைப்பது கடினம், எல்லாம் சரி. ஆனால் முழு ஆட்டத்துக்கு நம்பிக்கையோடு விடப்படாத ஸ்ட்ரைக்கரை அவன் அடிக்காத கோல்களால் அளப்பது முறையல்ல. கடைசி பத்து நிமிடத்துக்கு மட்டும் ஒரு குழந்தையை இறக்கிவிட்டு ‘இவன் ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதிவைக்கும் பயிற்சியாளர்கள் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். நான் அரை ஆட்டத்துக்குக் குறைவாக யாரையும் ஆடவைப்பதில்லை.

சண்டர்லேண்டில் எல்லாப் போட்டிகளிலும் 130 கோல் அடித்த பிறகு, 2003இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியபோது அவர் வெளியேறினார். முதலில் சேர்ந்தது சவுத்தாம்ப்டன், தன்னை வேண்டாம் என்ற அதே கிளப். பிறகு ஆஸ்டன் வில்லா, வெஸ்ட் ப்ராம், பர்மிங்காம், பிளாக்பூல், கிரிஸ்டல் பேலஸ், லெஸ்டர். இந்த நீண்ட பின்பகுதியைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் பயிற்சியாளருக்குரிய பாடம் அதிகம் இருப்பதாகப் படுகிறது. வேகம் குறைந்தது, ஆனால் கோல் நிற்கவில்லை. 2007-08இல், 34 வயதில், ‘சாம்பியன்ஷிப்’ எனப்படும் இரண்டாம் படி லீக்கை வெஸ்ட் ப்ராம் வென்றபோது லீக்கில் 22 கோல். அடுத்த ஆண்டு பர்மிங்காம் உயர்ந்த கடைசி நாளில், ரெடிங் மைதானத்தில், அவர் கோல் அடித்தார். இடம் தெரிந்தவனுக்குக் கால் கொஞ்சம் தாமதித்தாலும் பிழைப்பு நடக்கும்.

ப்ளே-ஆஃப் இறுதி ஆட்டம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. 1998இல் சண்டர்லேண்டோடு, 2007இல் வெஸ்ட் ப்ராமோடு, 2012இல் பிளாக்பூலோடு: மூன்று தோல்விகள். 2013 மே 27 அன்று நான்காவது. இந்த முறை கிரிஸ்டல் பேலஸ், எதிரே அவர் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கிய வாட்ஃபோர்ட். மாற்று வீரராக இறங்கினார். வயது 39. ஆட்டம் கோலின்றிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. வில்ஃப்ரெட் ஸாஹா பெனால்டி பகுதிக்குள் வீழ்த்தப்பட்டார். பிலிப்ஸ் பந்தை எடுத்து வைத்தார். மேல் மூலைக்கு அருகே பலமாக அடித்தார். 1-0. பேலஸ் பிரீமியர் லீக்குக்குப் போனது. இன்றுவரை அங்கிருந்து இறங்கவில்லை.

பெனால்டி பயிற்சியை நான் ஆட்டத்துக்கு முன் வைப்பதில்லை. பயிற்சியின் கடைசியில், எல்லோரும் ஓடிக் களைத்த பிறகு, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு உதை. இரண்டாவது வாய்ப்பு இல்லை. மற்றவர்கள் பாதிக்கோட்டில் நின்று பார்ப்பார்கள், சத்தம் போடலாம். எங்கே அடிக்கப்போகிறாய் என்பதைப் பந்தை வைப்பதற்கு முன்பே முடிவு செய், வைத்த பிறகு மாற்றாதே என்று மட்டும் சொல்கிறேன். தவறவிட்டவர்களிடம் அன்று எதுவும் பேசுவதில்லை. மறுவாரம் முதல் உதை அவர்களுடையது.

2014 ஜனவரியில் லெஸ்டருக்கு வந்து, அந்த அணி சாம்பியன்ஷிப் வென்று உயர்ந்ததும் ஓய்வுபெற்றார். அங்கே மேலாளர் நைஜல் பியர்சனின் பயிற்சிக் குழுவிலேயே இடம் கிடைத்தது. 2014-15 பருவத்தில் கிறிஸ்துமஸ் நேரத்தில் லெஸ்டர் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று, கீழே இறங்காமல் தப்பியது. அந்த அணியின் முன்களத்தில் ஜேமி வார்டி இருந்தார். அவரும் இளம் வயதில் ஒரு கிளப்பால் நிராகரிக்கப்பட்டு, அரைத்தொழில்முறை ஆட்டத்திலிருந்து தாமதமாக மேலேறி வந்தவர். 2015 கோடையில் பிலிப்ஸ் பால் கிளெமென்ட்டின் உதவியாளராக டார்பி கவுன்டிக்குப் போனார். அடுத்த பருவத்தில் லெஸ்டர் பிரீமியர் லீக்கையே வென்றது. டார்பியிலோ இரண்டு ஆண்டுக்குள் கிளெமென்ட், பியர்சன், மெக்லாரன், ரவெட் என்று மேலாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளர் தொழில் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால் போதும்.

2022 ஜனவரியில் அவர் முதன்முறையாகத் தனிப்பொறுப்பில் மேலாளரானார். கிளப், சவுத் ஷீல்ட்ஸ். இங்கிலாந்துக் கால்பந்து ஏணியில் ஏழாவது படி. டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற ஊர். வட கடல் காற்று அந்தக் கிளப்பின் மைதானமான மரைனர்ஸ் பார்க்கில் எதையும் விட்டுவைக்காது. அந்தப் பருவம் உயர்வு கிடைக்கவில்லை. 2022-23இல் நார்தர்ன் பிரீமியர் லீக்கை வென்று ஆறாவது படிக்கு அழைத்துப் போனார். அந்தப் பருவத்தின் ஆட்டங்களுக்கு என் அணிச் சிறுவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மைதானத்தில் வீரர்கள் சிறு புள்ளிகளாகத் தெரிவார்கள். இங்கே கம்பி வேலியில் கைவைத்து நின்றால் ஸ்ட்ரைக்கர் மூச்சு வாங்குவது கேட்கும், பின்கள வீரர் அவர் சட்டையைப் பிடிப்பது தெரியும், எல்லைக்கோட்டு நடுவரிடம் அவர்கள் முணுமுணுப்பது காதில் விழும். சிறுவர்களிடம் நான் கொடுத்த வேலை: பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், ஒன்பதாம் எண் அணிந்த ஸ்ட்ரைக்கரை மட்டும் பாருங்கள். எத்தனை முறை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். தொலைக்காட்சியில் இதைச் செய்ய முடியாது, கேமரா பந்தின் பின்னால்தான் போகும். உங்களுக்கு அருகில் கீழ்ப்படி கிளப் ஒன்று இருக்கும். டிக்கெட் விலை குறைவு. ஒருமுறையாவது குழந்தையை அழைத்துப் போங்கள்.

2023 கோடையில் பிலிப்ஸ் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய பழைய சண்டர்லேண்ட் தோழர் ஹுலியோ அர்கா அந்த இடத்துக்கு வந்தார். 2024 ஜனவரியில் ஐந்தாவது படியில் இருந்த ஹார்டில்பூல் யுனைடெட் பிலிப்ஸை அழைத்தது. அந்தப் பருவத்தோடு அதுவும் முடிந்தது.

புகழ்பெற்ற ஸ்ட்ரைக்கர்கள் பயிற்சியாளராகும்போது பெரும்பாலும் மேலே உள்ள படியிலேயே பொறுப்பேற்க முயல்கிறார்கள். ஷியரர் 2009இல் நியூகாசிலின் கடைசி எட்டு ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். ஒரே ஒரு வெற்றி, அணி கீழே இறங்கியது. டெடி ஷெரிங்ஹாம் 2017இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கு வந்து, பருவம் முடியும் முன்பே போய்விட்டார். ராபி ஃபவ்லர் 2020-21இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அணி பட்டியலின் அடிப்பாதியில் முடிந்தது. இவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை, சூழ்நிலைகளும் கடினமானவை. ஆனால் கோலடிப்பவரின் அறிவு உடம்பில் இருக்கிறது. அதைச் சொல்லாக்கி இன்னொருவருக்குக் கொடுப்பது தனிக் கலை. அதைப் பழக நேரமும், தோற்றாலும் தலைப்புச் செய்தியாகாத இடமும் வேண்டும். பிலிப்ஸ் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு ஏழாவது படியில் இறங்கியதை நான் மதிப்பது அதனால்தான். தங்கக் காலணி வாங்கியவர் செவ்வாய்க்கிழமை இரவில் ஈரத் தரையில் நின்று வேலை பழகினார்.

எங்கள் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மகனைப் பெரிய கிளப் ஒன்றின் பயிற்சிக்கூடம் (அகாடமி) சென்ற ஆண்டு விடுவித்துவிட்டது. ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். பையனின் அப்பா என்னைத் தேடி வந்தார். “பந்தைத் தொடவே மாட்டேன் என்கிறான், அண்ணா. நாம்தான் ஆசை காட்டிக் கெடுத்துவிட்டோமோ?” என்றார். அவரிடம் நான் பிலிப்ஸ் கதையைச் சொல்லவில்லை. ‘அவர் ஜெயித்தார், நீயும் ஜெயிப்பாய்’ என்று பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்வது இன்னொரு சுமை. விடுவிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்களாவதில்லை என்பதுதான் உண்மை. “முதலில் சில வாரம் விட்டுவிடுங்கள் தம்பி, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். பிறகு நண்பர்களோடு ஆடும் ஏதாவது ஓர் அணியில் சேர்த்துவிடுங்கள். அங்கே வேறு இடத்தில் ஆடட்டும்” என்றேன். நடுக்களத்தில் ஆடிவந்த அந்தப் பையன் இப்போது எங்களோடு இடது பின்களத்தில் ஆடுகிறான். பந்தைப் பறித்ததும் சிரிக்கிறான். மேலே போவானா என்று யாரும் கேட்பதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பயிற்சிக்கூடம் குழந்தையை எடுக்கும்போதே, எந்த இடத்தில் ஆடவைக்கப் போகிறார்கள், ஆண்டு முடிவில் எப்படி மதிப்பிடுவார்கள், விடுவித்தால் யார் பேசுவார்கள் என்று கேட்டு வையுங்கள். நல்ல பயிற்சிக்கூடங்களில் பதில் தயாராக இருக்கும். உயரத்தைப் பற்றி யாராவது பேசினால் பதறாதீர்கள். பன்னிரண்டு வயது உயரம் பதினெட்டு வயது உயரம் அல்ல. அப்படியே குட்டையாக நின்றுவிட்டாலும், பக்கத்தில் ஒரு க்வின் கிடைத்தால் போதும்.

கடைசியாக, பயிற்சியாளராக வர விரும்புகிறவர்களுக்கு. நம்மவர்கள் கோட்டோரம் நின்று உரக்கச் சொல்வார்கள், உள்ளே வரத் தயங்குவார்கள். ஆட்டம் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் ‘பிளேமேக்கர்’ இணையப் பயிற்சி இலவசம், சில மணி நேரத்தில் முடித்துவிடலாம். குழந்தைகளோடு பழகுவதால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை கட்டாயம். குழந்தைப் பாதுகாப்பு, முதலுதவிப் பயிற்சிகளும் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் கிளப்பே ஏற்பாடு செய்யும். உங்கள் ஊர் கிளப் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள், அநேகமாக அன்றிரவே பதில் வரும். ஆள் பற்றாக்குறை அவ்வளவு. நான்காம் அளவுப் பந்துகள், இரண்டு நிற மேற்சட்டைகள், கொஞ்சம் கோன்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் மாலையில் ஸ்ட்ரைக்கர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் கை தூக்குவார்கள். கோல்கீப்பர் உட்பட எல்லா இடத்திலும் எல்லோரையும் சுழற்றி ஆடவிடுங்கள். யார் எங்கே என்ற பேச்சைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.